ஊரைவிட்டுப் போகாத தாசம்மாள்

1994 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, விழிஞ்ஞத்து ஷெட்டில் இறால் உரிக்கும் தாசம்மாள் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். எல்லா இடத்திலும் இல்லை. கரமனையில் இருந்த நெஞ்சுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் கேட்டுக்குள் மட்டும். கேட்டுக்கு வெளியே பஸ் கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கிழித்தார், பெட்டிக்கடைக்காரர் சில்லறை இல்லையென்று முகம் சுளித்தார். உள்ளே கால் வைத்ததும் ஆள் இல்லை. மூச்சில் இருந்த விசில் மட்டும் மிச்சம். வராந்தாவின் ஏழாம் பெஞ்சுக்கு மேலே ஓடும் ஃபேன்தான் அப்படிக் கத்துகிறது என்று முடிவுகட்டி அதற்கு எண்ணெய் போட்டார்கள். பிறகு ஃபேனையே மாற்றினார்கள். புது ஃபேனும் அப்படியே கத்தியது, அதோடு விட்டுவிட்டார்கள். நிலையத்தின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

காரணம் டாக்டர் குற்றாலலிங்கம். செங்கோட்டையிலிருந்து வந்து கரமனையில் மூன்று தலைமுறையாக ஊன்றிவிட்ட குடும்பம். எங்கள் தெருவிலிருந்து டெல்லிவரை போய்ப் படித்துவிட்டு, அங்கேயே தங்காமல் திரும்பி வந்த ஒரே ஆள் அவர்தான், அதனால் எங்களுக்கெல்லாம் அவர்மேல் ஒரு பெருமை. கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. ஒரே தூசி ஒருத்தரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்குழாயை மட்டும் ஏன் வீங்கவைக்கிறது என்பதுதான் முப்பது வயதிலிருந்து அவருடைய ஒரே கவலை. இறால் ஷெட்டுப் பெண்களுக்கு இழுப்பு வருவதைக் கண்டுபிடித்து அங்கே போனார். அவர்களுடைய சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, வீக்கத்தின்போது பெருகும் ரோஸ் நிறச் செல்களை மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காக எண்ணினார். கடைசியில் அந்த வீக்கத்தை அடக்க ஒரு பொடி செய்தார். பன்னிரண்டு பெண்கள் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை வந்து பொடியை இழுத்துவிட்டு, மீட்டரில் ஊத வேண்டும். முள் எவ்வளவு ஏறுகிறதோ அதைப் பதிவேட்டில் எழுதுவார். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது, உங்களை நம்பித்தான் இந்த ஆராய்ச்சியே நிற்கிறது என்று முதல் நாளே பன்னிரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக்காரியான தாசம்மாள் மட்டும் எழுந்து நின்று, நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்றாள்.

பதினொரு பேருக்கு முள் ஏறியது. தாசம்மாளுக்கு இறங்கியது. இருநூற்றுப் பத்து, நூற்றெண்பது, நூற்றைம்பது. பொடி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாதது மட்டுமில்லை, கெடுத்துக்கொண்டும் இருந்தது. பன்னிரண்டே பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி அது, அவளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் முடிவு நிற்கவில்லை. விட்டுவிட்டுப் போட்டால் பிரமாதமாக நின்றது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளில் பாதியில் நின்றுபோகிறவர்கள் இருப்பார்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம், அதில் தப்பில்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி டாக்டர் பச்சை மைப் பேனாவை எடுத்து அவளுடைய பக்கத்தில், ‘ஊரைவிட்டுப் போய்விட்டார், முகவரி தெரியவில்லை’ என்று எழுதினார். ஜன்னலுக்கு வெளியே ஏழாம் பெஞ்சில் அவள் இருமுவது அவருக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் எழுதினார். அடுத்த நிமிஷம் அட்டெண்டர் ஜெபசிங் ஆறாம் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, ஏழாம் பெயரை விட்டு, எட்டாம் பெயரைக் கூப்பிட்டான்.

டாக்டருக்கு மட்டும் அவள் தெரிந்தாள். சேலை நிறம், கையில் டோக்கன், விரலிடுக்கில் இறால் முள் குத்திய காயம், எல்லாம் தெரிந்தது. காலை ஒன்பதுக்கு வருவாள், பெயர் வருமென்று ஒரு மணிவரை உட்கார்ந்திருப்பாள், வராது, எழுந்து போவாள். பெரிய டாக்டர்கள், ஆயிரம் ஜோலி இருக்கும், வாக்குக் கொடுத்தது நாம்தானே என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் கூப்பிடாததால் பொடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. விழிஞ்ஞத்தில் சர்க்கார் டாக்டர் கொடுத்த மாத்திரையில் உயிர் பிழைத்துக் கிடந்தாள். டாக்டர் குற்றாலலிங்கம் மற்ற பதினொரு பேரும் வரும் நாளை வியாழக்கிழமைக்கு மாற்றினார், அவளிடம் யாரும் சொல்லாததால் அவள் செவ்வாய்க்கிழமையே வந்தாள். செவ்வாய்க்கிழமைகளிலும் அவர் அறைக்கு வர வேண்டியிருந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டார், விசில் திரைக்குள்ளே நுழைந்து வந்தது. 1996 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அன்று டாக்டர் இரண்டு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டார். அடுத்த வாரம் அவள் நேராக அவருடைய மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கழிஞ்ச வாரம் வரப் பற்றல்ல சாரே. கெட்டினவரு மரிச்சுப் போச்சு. க்ஷமிக்கணும்.”

டாக்டர் ஒரு ஃபைலைத் திறந்து, படிப்பதைப்போல் தாளைப் புரட்டினார். அவள் பெஞ்சுக்குத் திரும்பிப் போனாள்.

வருஷங்கள் போயின. கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. டெல்லியிலிருந்து கட்டடத்துக்குப் பணம் வந்தது, டாக்டர் நிலையத்துக்கே தலைவரானார். 2001-இல் நாங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் போய் நிலையத்து ஹாலில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். தேதி குறித்தவர்கள் செவ்வாய்க்கிழமையில் குறித்துவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் தண்ணீர் கேட்டார், பிறகு இன்னொரு தம்ளர் கேட்டார், அப்புறம் பேச்சை முடித்துவிட்டார். முன்வரிசையில் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பணிவு, அதனால் நா எழவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த நாற்காலியில் தாசம்மாள் உட்கார்ந்து இரண்டு கையாலும் கைதட்டிக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினாளாம். அன்று வீட்டுக்குப் போய்ப் பொன்னாடையைப் பெட்டிக்கு அடியில் வைத்தவர், பிறகு அதை எடுக்கவே இல்லை. மானம் போனது அன்றைக்குத்தான், மற்றவர்களுக்குத் தெரிய மூன்று வருஷம் பிடித்தது என்று பின்னாளில் சொன்னார்.

2004-இல் பொடியைக் கடற்கரைக்காரர்கள் இரண்டாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்க்க உத்தரவு வந்தது. தாசம்மாளின் மகள் ஆர்ஷா அதற்குள் அதே ஷெட்டில் வேலைக்குப் போய், அம்மாவின் இழுப்பையும் வாங்கியிருந்தாள். பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஜூலை ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அம்மாவும் மகளும் ஒன்றாக வந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் ஆர்ஷாவின் பக்கத்தில் அம்மாவைக் காணவில்லை. ஆனால் அவள் பிடித்திருந்த கை கைக்குள்ளேயே இருந்தது. ஆர்ஷா கூச்சல் போடவில்லை. கையை விடாமல் வராந்தாவைத் தாண்டி, டாக்டரின் அறைக்குள் போய் நின்றாள். அவளுடைய சம்மதப் பத்திரத்தை டாக்டர் அப்போதுதான் மேஜைமேல் எடுத்து வைத்திருந்தார்.

“சாரே, அம்மைக்க கை இந்தா என் கைக்குள்ள இருக்கு. ஆளக் காணல்ல. பத்து வருஷமா செவ்வாக்கெழம கூலிய விட்டுட்டு இங்கதான் வருது. ஆரும் கண்ட மாதிரியே காட்டல்லன்னு வந்து பறயும், நான் நம்பல்ல. சாருக்குத் தெரியுதா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஜெபசிங்குக்குத் தெரியவில்லை, நர்சுக்குத் தெரியவில்லை, யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆர்ஷா கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாளே பொடியை இழுக்க ஆரம்பித்திருப்பாள். டாக்டர் அந்தப் பெண்ணின் நெஞ்சில் கேட்ட விசிலைக் கேட்டார். அம்மாவுக்கு இருந்த அதே விசில்.

“தெரியுது. முதல் நாளிலேர்ந்தே தெரியும்” என்றார்.

பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தார். பச்சை மை எழுத்தின் குறுக்கே கோடு போட்டு, கீழே எழுதினார்: ‘போகவில்லை. மருந்தால் மூச்சு மோசமாயிற்று. மறைத்தவன் நான்.’ கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். ஆர்ஷாவின் பத்திரத்தைக் கிழித்தார். மை காயக் காய, முதலில் ரப்பர் செருப்பு தெரிந்தது, பிறகு சேலைக்கரை, பிறகு நரைத்த தலை. ஜெபசிங் எட்டிப் பார்த்துவிட்டு, டோக்கன் உண்டா என்று கேட்டான். உண்டு என்று தாசம்மாள் நீட்டினாள். அவனும் வாங்கிக்கொண்டு அவள் பெயரைக் கூப்பிட்டான். டாக்டர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், அதற்குள் அவள் மீட்டருக்குக் கை நீட்டிவிட்டாள். ஊதினாள். முள் நூற்றுப் பத்தில் நின்றது. எழுதிக்கொண்டார்.

“இனி அடுத்த செவ்வா வரணுமா, சாரே?”

வேண்டாம், இனி ஒருபோதும் வரவேண்டாம் என்றார்.

“இத சாரு அப்பமே சொல்லியிருந்தா மதியாயிருந்து” என்றாள் தாசம்மாள். அதுவே போதுமாயிருந்திருக்குமே என்றுதான் சொன்னாள், கோபமாகச் சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பார்க்க கேட்டைத் தாண்டிப் போனாள்.

இரண்டாயிரம் பேருக்குப் பொடி போகவில்லை. பத்திரிகை கட்டுரையை வாபஸ் வாங்கியது, டாக்டரின் பதவி போயிற்று. பொன்னாடையைத் திருப்பிக் கேட்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. அவரே மடித்து எடுத்துவந்து கொடுத்தார். வாங்கும்போது எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது, நாங்களும்தானே அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தோம்.

தாசம்மாள் வராத முதல் செவ்வாய்க்கிழமையும் ஏழாம் பெஞ்சில் விசில் கேட்டது. ஜெபசிங் போய் டாக்டரிடம் சொன்னான். அவர் பழைய பதிவேட்டையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, மீட்டரைக் காலியிடத்துக்கு நீட்டினார். முள் நூற்று நாற்பதுக்கு ஏறி நின்றது. 1994 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அவள் ஊதியிருக்க வேண்டிய மூச்சு அது. அடுத்த செவ்வாய் வந்தது ஆகஸ்ட் பதினாறுடையது. இப்படி யாரும் எழுதிக்கொள்ளாத மூச்சுகள் வாரத்துக்கு ஒன்றாக, வரிசை தவறாமல் வந்தன. நிலையத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. நோயாளிகள் அந்தப் பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

2006 அக்டோபர் பதினேழாம் தேதி விசில் கேட்கவில்லை. மீட்டரை நீட்டினார், முள் அசையவில்லை. மீட்டர் கெட்டுப்போச்சு சார், வேறே எடுத்துட்டு வரட்டா என்று ஜெபசிங் கேட்டான். கெடவில்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். பதிவேட்டில் 1996 நவம்பர் பன்னிரண்டுக்கு நேரே, ‘வரவில்லை. கணவர் இறந்துவிட்டார்’ என்று எழுதினார். அடுத்த வாரம் விசில் திரும்பி வந்ததும், மீட்டரை நீட்டாமல் எழுந்து நின்றார்.

“நீ சொன்னது என் காதிலே விழுந்தது, தாசம்மா” என்றார்.

பிறகு உட்கார்ந்து மீட்டரை நீட்டினார். முள் நூற்று முப்பதுக்கு ஏறியது. எழுதிக்கொண்டார்.