பதினாறு சதவீதம்

அந்த ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தின் மின்சாரப் பயன்பாடு ஒரே வருடத்தில் பதினாறு சதவீதம் குறைந்திருந்தது. குறைத்தவன் ஏசி ஆபரேட்டர், ஒப்பந்த ஆள். பத்து சதவீதமாவது மிச்சம் பிடித்ததாக ஆடிட்டர் எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு ஒரு கும்பிடு என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அதற்காக அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆளில்லாத கூட்ட அறையில் ஏசியை அணைப்பான், ஐந்தே நிமிடத்தில், "யாருய்யா அணைச்சது?" என்று ஒரு கூச்சல் கேட்கும். கணக்குப் பிரிவு அம்மாள் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேலை செய்பவர். பதினெட்டிலிருந்து இருபத்துநான்குக்கு வர அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. 'கஞ்சப்பிசினாறி' என்று அவனுக்குப் பெயரும் வந்தது; வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

சரிபார்க்க வந்த ஆடிட்டர் ஒரு பெண். மடிக்கணினியில் வருடம் முழுவதற்குமான மீட்டர் வரைபடத்தை விரித்தார். போன வருட வெயிலும் இந்த வருட வெயிலும் ஒன்றல்ல என்று அதற்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பதினாறு அசையவில்லை. மேலாளர் முகத்தில் ஆயிரம் வாட் வெளிச்சம்.

பிறகு ஆடிட்டரின் விரல் ஓரிடத்தில் நின்றது. அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்த கோடு, ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமையன்று தடாலென்று விழுந்திருந்தது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"அன்னிக்குத்தான் மேடம் நம்ம ஆளு டைமர் மாட்டினாரு," என்றார் மேலாளர். மனுஷன் புளுகினால் இப்படியல்லவா மூச்சு விடாமல் புளுக வேண்டும்!

ஏசியைத் தானாக அணைக்கும் டைமரை அவன் மாட்டியது இரண்டாம் மாதத்தில். அந்தச் சனிக்கிழமை நடந்ததே வேறு. மூன்றாம் மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சர்வர் அறையை, இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த அதன் ஏசியோடு சேர்த்து, வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆபரேட்டருக்கு இது நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம்.

ஆனால் சால்வை அம்மாளோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியதும், லாரி ஏறிப்போன நாலு சர்வர் பெட்டியும் ஒரே கணக்கில் சேர்வதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை மிச்சத்தைப் பிடித்தவன் லாரிக்காரன்.

"இல்லீங்க மேடம். அன்னிக்கு சர்வர் ரூமக் காலி பண்ணாங்க."

மேலாளர் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். என்ன பிரயோஜனம், சொன்னது சொன்னதுதான். ஆடிட்டர் கணக்கை மறுபடி போட்டார்.

"அது மட்டுமே ஒன்பது வருது. உங்களுது ஏழு."

அவர் மீட்டர் அறையைப் பார்க்கக் கீழே போனதும் மேலாளர் வெடித்தார். "பெரிய உத்தமரு! பத்துன்னா பத்துதான். மாசக் கடைசியில சாவியக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு."

படிக்கட்டில் வந்து நின்றவன் தன்னையே நொந்துகொண்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? மனைவிக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அந்த ஏழு நெஜமா?" என்று கேட்டாள்.

"நெஜம். ஆடிட்டரம்மாவே அளந்து பாத்துச்சு."

"அவங்க போயிட்டாங்களா?"

"மீட்டர் ரூம்ல இருக்காங்க."

"அப்புறம் எங்கிட்ட என்ன பேச்சு? அந்த ஏழ உங்க பேர் போட்டு எழுதி, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அடுத்த எடத்துல வேல கேக்கறப்ப வாயால சொன்னா எவன் நம்புவான்?"

அவன் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான். மீட்டர் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேல்மூச்சு வாங்கியது.

"மேடம், அந்த ஏழ மட்டும் என் பேர்ல எழுதித் தருவீங்களா?"

"அத எழுதத்தானே வந்தேன்," என்று ஆடிட்டர் பேனாவைத் திறந்தார்.