மக்ஸன் என்றால் ஆபீஸ்

நஜீஹா அந்தப் பிரெஞ்சு டி.வி. வினாடி வினாவுக்குத் தேர்வானபோது, உதவிக்குப் போன் செய்ய ஒருவருடைய பெயரைக் கேட்டார்கள். அவள் கணவன் பெயரைக் கொடுத்தாள். நுஃமான், ஜெபல் அலி, துபாய். வேலை என்ற இடத்தில் 'அலுவலக மேலாளர்' என்று எழுதினாள். பாரிஸிலிருந்து போனில் அதைப் பெருமையாக அவள் படித்துக் காட்டியபோது, நுஃமான் கையில் அட்டைப்பெட்டி ஒட்டும் டேப் இருந்தது.

அவனை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. காரைக்காலில் பெண் பார்க்கப் போன அன்று நஜீஹாவின் வாப்பா செய்கு அலாவுதீன், துபாயில் என்ன வேலை என்று கேட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊரில் 'சொல்தா' என்றால்தான் அவரைத் தெரியும். அந்த நிமிர்ந்த முதுகைப் பார்த்ததும் நுஃமானுக்கு வாயில் வந்தது, "ஆபீஸ்ல" என்பதுதான்.

நிக்காஹ் முடிந்து இருபதாம் நாள் அவள் வாப்பாவோடு பாரிஸுக்குத் திரும்பிப் போனாள், அவன் துபாய்க்குத் திரும்பினான். ஒரு நாள் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உடையப்பன், "பாய், யல்லா, மக்ஸனுக்கு வா" என்று கத்தினான். மக்ஸன் என்றால் என்ன என்று நஜீஹா கேட்டாள். அரபியில் ஆபீஸ் என்று சொல்லிவிட்டான். அவளுக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அவளிடமிருந்து ஒரே செய்திதான் வரும்: 'மக்ஸன் போயாச்சா மச்சான்?'

நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் நாளன்று மதியம், ஃபோர்மேனிடம் கெஞ்சி அரை மணி நேரம் வாங்கினான். சிக்னல் கிடைப்பது லாரிகள் வந்து நிற்கும் கதவருகே மட்டும்தான். பெட்டிகளுக்கு நடுவே போனைப் பிடித்தபடி நின்றான்.

"ஜெயிச்சா எங்களுக்கெல்லாம் மந்திச் சோறு. தோத்தா நீ மட்டும் பட்டினி" என்று உடையப்பன் சொல்லிவிட்டுப் போனான்.

ஜெயித்தால் தனியாக ஒரு வீடு பார்க்க வேண்டும் என்பது நஜீஹாவின் ஆசை. விசா கிடைத்து வரும்போது மாமனார் வீட்டில் தங்க அவனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவளாகவே நினைத்து வைத்திருந்தாள்.

போன் அடித்தது. நிகழ்ச்சி நடத்துபவர் பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். விசாவுக்காக இரண்டு வருடமாகப் பிரெஞ்சு படித்திருந்ததால் நுஃமானுக்குப் புரிந்தது. உங்கள் மனைவி இருபதாயிரம் யூரோவில் இருக்கிறார், இந்தக் கேள்விக்கு நாற்பதாயிரம், தவறினால் ஆயிரத்து ஐந்நூறுதான் என்றார். பதில் அவருக்கே தெரியுமாம், ஆனால் அதை உங்கள் வாயால் கேட்க வேண்டுமாம் என்றும் சொன்னார். அரங்கம் சிரித்தது. முன் வரிசையில் சொல்தா உட்கார்ந்திருப்பார். முப்பது விநாடி ஓடத் தொடங்கியது.

நஜீஹா பிரெஞ்சில் வாசித்தாள். குரலில் சிரிப்பு. கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'மகஸன்', அரபியின் 'மக்ஸன்' என்பதிலிருந்து வந்தது. அரபியில் அதற்கு என்ன பொருள்? சந்தை, அலுவலகம், கிடங்கு, கப்பல்.

நுஃமான் தலை நிமிர்ந்து பார்த்தான். கூரை வரைக்கும் பெட்டிகள். இந்த அமீரகத்திலேயே அந்தச் சொல்லுக்குப் பொருள் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் இருக்க முடியாது. கிடங்கு என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை நாக்கில் வந்து நின்றது. பின்னால் உடையப்பனின் வண்டி பீப் பீப் என்று பின்னோக்கி வந்தது.

"பீரோ" என்றான். பிரெஞ்சில் ஆபீஸுக்கு அதுதான் பெயர்.

நிச்சயமா என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். குரலில் சிரிப்பு இல்லை.

நிச்சயம் என்றான். இணைப்பு அறுந்தது.

உடையப்பன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து என்ன கேள்வி என்று கேட்டான். சொன்னான்.

"அட, நம்ம மக்ஸன்ல திரியுற பூனையக் கேட்டாக்கூடச் சொல்லுமே பாய்" என்று சிரித்த உடையப்பன், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். வண்டியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனான். நுஃமானால் அதைத் தொடக்கூட முடியவில்லை.

நான்கு மணிக்கு நஜீஹா கூப்பிட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"நான் ஆபீஸ்ல இல்ல, நஜீஹா. பெட்டி அடுக்குறேன்."

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சது?"

"நீங்க பதில் சொல்றப்போ பின்னாடி பீப் பீப்னு கேட்டுச்சு. நான் வேலை பாக்குற சூப்பர் மார்க்கெட்ல சரக்கு எறக்குற எடத்துலயும் இதே சத்தம்தான். ஆனாலும் நானும் பீரோன்னே சொல்லிட்டு, ஆயிரத்து ஐந்நூறோட வந்துட்டேன்."

"அப்புறம் ஏன் நீயும் அதையே சொன்ன?"

"வாப்பா முன்னாடி உக்காந்திருந்தாங்க. எம் புருஷன் சொன்னது பொய்னு அத்தன பேர் மத்தியில நான் எப்படிச் சொல்ல?"

நுஃமான் சுவரோடு சாய்ந்துகொண்டான். அவளுடைய வீட்டைப் பறித்தது அவன். அதைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தவள் அவள்.

"கோவம் இல்லன்னு மட்டும் நெனைக்காதீங்க. ரெண்டு வருஷமா தெனமும் அந்த வார்த்தைய எழுதிருக்கேன், மச்சான்." அவள் குரல் உடைந்து, மறுபடி நிமிர்ந்தது. "அடுத்த மாசம் டி.வி.ல வரும். ஊரே பாக்கும். அதுக்கு முன்னாடி வாப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. வீடியோ போடுங்க."

திரையில் அவள் முகம் வந்தது. அழுது கண் வீங்கியிருந்தது. நுஃமானின் கை, ஆரஞ்சு நிற வேலை அங்கியின் பட்டியை அவிழ்க்கப் போனது.

"கழட்டாதீங்க" என்றாள்.

போன் கைமாறியது. சொல்தாவின் நரைத்த மீசை திரையை நிறைத்தது. நுஃமான் சலாம் சொன்னான். கேமராவைத் திருப்பி, தரையிலிருந்து கூரை வரைக்கும் மெதுவாகக் காட்டினான்.

"இதுதான் மாமா, மக்ஸன்."