மூன்றாவது ஜனவரி

பிரிட்டா நான்கு ஊக்குகளையும் உதட்டில் கவ்விக்கொண்டு எண் அட்டையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மே மாதம் என்று பேர்தான், அயோவாவின் அந்த மேட்டுக் கல்லூரி மைதானத்தில் காலை எட்டு மணிக்கு விரல் விறைத்தது. வேனின் கதவில் சாய்ந்து நின்று கோச் டால்மன் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். பத்தாயிரம் மீட்டருக்குப் பெண்களில் பெயர் கொடுத்திருந்தவர்கள் ஒன்பது பேர். முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளி உண்டு. முதலில் வருகிறவளுக்குப் பத்து, அப்படியே இறங்கி எட்டாவதுக்கு ஒன்று. ஒன்பதாவதாக வருகிறவளுக்குக் கைதட்டல் கிடைக்கும்.

"ஒருத்தியத் தாண்டினாப் போதும்" என்றார் கோச். புள்ளியியல் பாடம் நடத்துகிறவர் என்பதால் எதையும் சுருக்கித்தான் சொல்வார். "ஒரே ஒருத்திய."

அந்த ஒருத்தி யார் என்று பிரிட்டாவுக்கு மூன்று வாரமாகத் தெரியும். ஐவி கோஸ்லோவ்ஸ்கி. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த இன்னொரு சின்னக் கல்லூரிக்காரி, பச்சைச் சட்டை. இந்த வருஷத்து நேரக் கணக்கில் பிரிட்டாவைவிட இருபது விநாடி முன்னால் இருந்தாள். இருபத்தைந்து சுற்று ஓடுகிற ஓட்டத்தில் இருபது விநாடி ஒரு விஷயமே இல்லை என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். நாலு வருஷம் முக்கினாலும் குறையாத இருபது விநாடிகளும் உண்டு என்பது ஓடினவளுக்குத்தான் தெரியும்.

பிரிட்டாவின் கல்லூரியில் ஓடுதளத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. தடைகள், மணல் வாரிகள், கோடு போடுகிற வெள்ளைப் பெயிண்ட் எல்லாம் அதற்குள்தான். உள்சுவர் முழுக்கப் பெயர்கள். இந்த வருடாந்தரப் போட்டியில் ஒரு புள்ளியாவது எடுத்தவர்கள், ஊர் திரும்பிய அன்றே, குளிப்பதற்கு முன்பே, தங்கள் கையால் தங்கள் பெயரையும் வருஷத்தையும் புள்ளியையும் எழுத வேண்டும். அப்போது பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுவரில் இன்னும் பெயர் ஏறாத ஒருவரின் வேலை. யார் ஆரம்பித்த வழக்கமோ, அறுபது வருஷமாக நடக்கிறது. பிரிட்டா மூன்று வருஷமாக டப்பா பிடித்தாள். முதல் வருஷம் பதினோராவது, அடுத்த வருஷம் ஒன்பதாவது, போன வருஷம் முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல். பையன்கள் அவளை டப்பாக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே 'என்னடா' என்பாள். சிரிப்பு வந்தா சிரித்தாள்? இன்னும் இரண்டு வாரத்தில் பட்டம். அப்புறம் சொந்த ஊரில் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே அவளை யாரும் பத்தாயிரம் மீட்டர் ஓடச் சொல்லப் போவதில்லை.

இந்த ஓட்டம் முந்தின நாள் சாயங்காலம் நடந்திருக்க வேண்டியது. மின்னல் வெட்டியதால் சனிக்கிழமை காலைக்குத் தள்ளிப் போனது. ஏற்பாடு செய்திருந்த அதிகாரிகளில் பாதிப் பேருக்கு அன்று வேறு வேலை. சுற்று எண்ணிச் சொல்ல ஆளில்லை, ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவரை அனுப்புங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பிரிட்டாவின் அறைத்தோழி ஜூனிக்குத் தடை ஓட்டம் மத்தியானம்தான். "நானே போறேன். மணி அடிக்கிறது எனக்கு ரொம்ப நாள் ஆசை" என்று கிளம்பினாள். பின்வரிசையில் ஓடுகிற நாலு பேரை அவள் பொறுப்பில் விட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் மீதிச் சுற்றைச் சொல்ல வேண்டும், கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க வேண்டும், முடித்தவளைப் புல்தரைக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

பிரிட்டாவுக்கு யார் எண்ணியும் பழக்கமில்லை. அவள் மாதங்களை வைத்து ஓடுகிறவள். முதல் சுற்று ஜனவரி, அடுத்தது பிப்ரவரி. இரண்டு வருஷம் ஓடி முடித்தால் இருபத்து நாலு, அதற்கு மேல் ஒரு ஜனவரி. ஏப்ரல் சுற்றில் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. ஜூலையில் முதல் இடத்தில் ஓடியவள் அவளை ஒரு முழுச் சுற்று தாண்டிப் போனாள். போகட்டும், அது வேறு ஜாதிக் குதிரை. பிரிட்டாவின் கண் எல்லாம் எதிர்ப்பக்கத்துப் பச்சைச் சட்டை மேலேயே இருந்தது. செப்டம்பரில் நூறு மீட்டர் இடைவெளி. இரண்டாவது மார்ச்சில் நூற்று ஐம்பது. இரண்டாவது ஆகஸ்ட்டில் சரியாக அரைச் சுற்று. அவள் இங்கே வளைவில் திரும்பும்போது ஐவி அங்கே வளைவில் திரும்பினாள். அவ்வளவுதான், இந்த வருஷமும் டப்பாதான் என்று பிரிட்டாவுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் கால் ஓடிற்று. கால் எதற்கு ஓடுகிறது என்று அதைக் கேட்க முடியாதே.

ஐவியின் கல்லூரிக்காரியே இன்னொருத்தி, அதே பச்சைச் சட்டை, ஐவியை ஒரு சுற்று முந்திவந்து அவளோடு தோளுக்குத் தோள் சேர்ந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் கடைசிச் சுற்று மணி அடித்தபோது ஐவியும் வேகத்தைக் கூட்டியதை பிரிட்டா மைதானத்தின் எதிர்க் கோடியிலிருந்து பார்த்தாள். இவள் ஏன் இப்போதே விரட்டுகிறாள், இன்னும் இரண்டு இருக்கிறதே என்று நினைத்தாள். தோழியைப் பார்த்து வந்த வேகம் என்றும் நினைத்தாள். நாற்பது நிமிஷம் வட்டமாக ஓடினவள் தலையில் எண்ணிக்கை நிற்காது. அதற்காகத்தானே எண்ணிச் சொல்ல ஆள்.

இரண்டாவது டிசம்பரில், பாதிச் சுற்று தூரத்தில், பிரிட்டா அதைக் கண்டாள். இரண்டு பச்சைச் சட்டைகளும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. ஜூனி இரண்டு கையையும் அகல விரித்து, கோழிக்குஞ்சுகளைக் கூண்டுக்குள் தள்ளுகிற மாதிரி, இருவரையும் சேர்த்துப் புல்தரைக்கு ஒதுக்கினாள். ஐவி முழங்காலில் கையூன்றிக் குனிந்தாள். ஐவிக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி. ஐவி ஒரு தடவைகூடத் தன்னைத் தாண்டிப் போகவில்லை, அப்படியென்றால் அவளுக்கும் இது டிசம்பர்தான். இதில் சந்தேகமே கிடையாது.

கோட்டுக்கு வர இன்னும் ஐம்பது விநாடி இருந்தது. ஐம்பது விநாடியில் ஒருத்தி எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். பிரிட்டா யோசித்தது ஒன்றுதான். நெருங்கியதும் 'ஐவி, இன்னும் ஒண்ணு' என்று சொல்ல வேண்டும். மூன்று வார்த்தை. நெருங்கினாள். ஜூனி முகமெல்லாம் சிரிப்பாக அவளுக்கு மணியை ஆட்டினாள். ஐவி குனிந்தபடியே, ஷூ முனையைப் பார்த்தபடியே நின்றாள். கை நீட்டினால் முதுகைத் தொடலாம். பிரிட்டா வாயைத் திறந்தாள், காற்றை உள்ளே இழுத்தாள், தாண்டிப் போனாள்.

மூன்றாவது ஜனவரியை அவள் தனியாக ஓடினாள். ஓடுதளத்தில் வேறு யாரும் இல்லை. அடுத்த ஓட்டத்துக்குத் தடைகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். நாலு வருஷத்தில் இத்தனை லேசாக அவள் ஓடியதில்லை. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் லேசாகத்தான் இருந்தது.

முடித்ததும் அணி முழுக்க மேலே விழுந்தது. கோச் டால்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டுடி! ஒருத்தி முடிக்கல, நீ எட்டாவது!" என்று முடிவுக்கோட்டு அதிகாரியின் தாளை எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஒரு பையன் கத்தினான். டப்பா இனிமே யார் தலையிலடா என்று பையன்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். கால்சராயை மாட்டிக்கொண்டு அந்த வழியாக வந்த ஐவி நின்று கையை நீட்டினாள். "நல்லா ஓடின. நீ பின்னாலயே வந்துட்டிருந்தியா, பயத்துல நான் விழுந்தடிச்சு ஓடிட்டேன்" என்றாள். தான் ஓடி முடித்துவிட்டதாகவே அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பிரிட்டா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

தின்பண்டக் கடைச் சுவரில் முடிவுக் காகிதம் ஒட்டியது பத்து நிமிஷம் கழித்து. முடிவுக்கோட்டு அதிகாரி தன் தாளில் ஐவிக்கு இருபத்து நாலு கோடுகள் போட்டிருந்தார். ஓட்டத்தை முடிக்கவில்லை என்று எழுதியிருந்தது. ஐவியின் கோச் நேரே நடுவர் ஹார்லனிடம் போய், மணிக்காரப் பெண்தான் நிறுத்தச் சொன்னாள் என்று முறையிட்டார். ஹார்லன் ஜூனியைக் கூப்பிட்டு விசாரித்தார். ஜூனி முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். இரண்டு பேரும் பச்சை, காற்றில் எண் அட்டை மடங்கி மடங்கிப் போனது, ஒருத்தியை மட்டும் ஒதுக்கினதாகத்தான் ஞாபகம், மற்றவள் தானாக நின்றிருப்பாள் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். பொய் சொல்கிற முகமில்லை அது. பயந்துபோன முகம்.

"நான் சரியாத்தானடி எண்ணினேன்?" என்று கேட்டாள் ஜூனி.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் முன்னால் முடித்தவர்கள் மேல். இருபத்து நாலு சுற்றாக அந்தப் பச்சை முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

"இல்லடி" என்றாள் பிரிட்டா. "ரெண்டு பேரையும் நீதான் ஒதுக்கின. நான் பார்த்தேன்."

பிரிட்டா ஜூனியை அங்கேயே விட்டுவிட்டு நடுவரின் மேசைக்கு நடந்தாள். பெரிய மனசு, நியாயம் என்றெல்லாம் அவள் நினைத்துக்கொள்ளவில்லை. நினைத்தால் கால் நின்றுவிடும் என்று தோன்றியது. ஐவியும் அவள் கோச்சும் அங்கேயே நின்றிருந்தார்கள். ஹார்லன் எழுபது வயதுக்காரர், வெள்ளைத் தொப்பி, காதில் பஞ்சு. அவள் சொன்னதை எல்லாம் நிதானமாக எழுதிக்கொண்டார். எங்கிருந்து பார்த்தாய், எத்தனையாவது சுற்று, எப்படித் தெரியும் என்று கேட்டார். மாதக் கணக்கைச் சொன்னபோது மட்டும் பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அவளத் தாண்டிப் போனப்பவே உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

பிரிட்டா ஐவியைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். "எனக்கு அந்தப் புள்ளி வேணும்" என்றாள். "இப்பவும் வேணும்."

ஐவியின் கோச் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐவி அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் ஐவி. பிறகு, "இப்படி இங்க வந்தும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். அதை ஒரு பாராட்டாகச் சொன்ன மாதிரி இல்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்கிற மாதிரி சொன்னாள்.

ஹார்லன் தாளை மடித்தார். ஓடாத சுற்றை ஓடினதாக எழுத முடியாது, எங்கள் தவறுக்கு அந்தப் பெண்ணைத் தண்டிக்கவும் முடியாது, இது என் ஒருத்தன் தலையில் இல்லை, மூன்று கோச்சுகள் கொண்ட குழு இருக்கிறது என்றார். அதில் ஒருவர் ஏற்கெனவே பாதி வழி போய்விட்டார். சாயங்காலத்துக்குள் தொலைபேசியில் பேசி முடிவு சொல்வதாகச் சொன்னார். ஐவிக்கு எட்டா, பிரிட்டாவுக்கு எட்டா, இல்லை ஆளுக்குப் பாதியா, எதுவும் நடக்கலாம். அதுவரை சுவரிலிருந்த காகிதத்தில் எட்டாவது இடத்துக்கு நேரே பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் ஜூனி தடை ஓட்டத்தில் ஆறாவதாக வந்தாள். மூன்று புள்ளி. முடித்துவிட்டு நேரே கழிப்பறைக்குப் போய் அழுதாள். எதற்கு அழுதாள் என்று அணியில் பிரிட்டாவுக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி வரும் வழியில் வேனில் இரண்டு பேரும் வழக்கம்போல் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை ஜூனி பாதியாகப் பிய்த்து நீட்டினாள். பிரிட்டா வாங்கித் தின்றாள். வெளியே, இப்போதுதான் உழுது விதைத்திருந்த சோள வயல்கள் கறுப்பாகப் போய்க்கொண்டே இருந்தன. மூன்று மணி நேரப் பயணத்தில் கோச்சின் தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. இரண்டும் அவர் மனைவி.

கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் கூரைத் தகரத்தில் இருந்தது. பிரிட்டா டப்பாவை எடுத்தாள், கத்தி முனையால் மூடியை நெம்பினாள். அதைப் பிடிக்க இந்த வருஷம் வேறு யார் என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. குண்டு எறிகிற பையன் எழுதினான். நீளம் தாண்டுகிறவள் எழுதினாள். கடைசியில் ஜூனி, ஏற்கெனவே இருந்த தன் பெயருக்குக் கீழே வருஷத்தையும் மூன்றையும் எழுதினாள். மூன்று கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"இப்படி ஆட்டினா எட்டு மாதிரி இருக்கும். ஒழுங்கா எழுதுடி, கை வலிக்குது" என்றாள் பிரிட்டா. பையன்கள் சிரித்தார்கள். காலையிலிருந்து அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

கோச்சின் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், வெளியே போனார். திறந்திருந்த கதவு வழியாக, ஓடுதளத்து வெள்ளைக் கோடுகள் ஓரமாக நிற்கிற அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கையைக் காதில் பொத்திக்கொண்டு, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டியது எதற்கு என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை.

கடைசி ஆள் எழுதி முடித்ததும் மூடியை வைத்துக் குதிகாலால் மிதித்து அடைப்பது வழக்கம். மூடி ஜூனியின் கையில் இருந்தது. அவள் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"காயுதுடி, மூடு" என்றான் குண்டு எறிகிறவன்.

"இரு" என்றாள் ஜூனி.

பெயிண்டின் மேல் ஏடு படியத் தொடங்கியிருந்தது. பிரிட்டா வாசலையே பார்த்தபடி, தூரிகையின் பின்காம்பை உள்ளே விட்டு, அதைப் படியவிடாமல் மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.