காது மடிவதற்கு முன்

ஷாஜாதி கூடையைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். பூனைக்குட்டி தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது, வெளியே வரவில்லை. சுமலதாவிடம் வாங்கிப்போன குட்டி, இப்போது ஆறு மாதம். இந்த வயதில் அது பீரோ மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சுமலதாவுக்குத் தெரியும்.

"நீங்களே பாருங்கக்கா. ஒரு மாசமா கட்டில் மேல ஏற மாட்டேங்குது. வாலத் தொட்டாலே கத்துது."

முத்தியால்பேட்டையில் அந்த மாடி வீட்டுக்குப் பூனை வாங்க வருகிறவர்களிடம் சுமலதா எதையும் மறைத்ததில்லை. பெர்சியன் கேட்டால், மூக்கு சப்பை, கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், தினமும் துடைத்து முடி சீவணும், முடியுமா என்பாள். சயாமீஸ் என்றால், ஓயாமல் கத்தும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பாள். ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்கு மட்டும் சொல்வதற்கு ஒரு குறையும் இருந்ததில்லை. உருண்டைத் தலை, முன்பக்கம் மடிந்து ஒட்டிக்கிடக்கும் காதுகள், ஆந்தை முழி. வைத்த இடத்தில் இருக்கும், சாந்தமான பூனை. இந்தக் குட்டியின் தாய்க்கும் மடிந்த காதுதான். அதற்கேற்ற மாதிரி மடிந்த காதுக் கடுவனாகப் பார்த்து அவளே தேடிப்போய் ஜோடி சேர்த்தாள். அப்படிச் சேர்த்தால்தான் நிறையக் குட்டிகளுக்குக் காது மடியும்.

குட்டியின் பின்னங்காலை வருடினாள். மூட்டுக்குக் கீழே எலும்பு புளியங்கொட்டை போல் புடைத்திருந்தது. குட்டி முனகியது.

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"அந்தக் காது மடியுதே, அதுதான் வியாதியேன்னாரு. குருத்தெலும்பு சரியில்லாமதான் மடியுதாம். காதுல இருக்கிறது ஒடம்பு பூரா இருக்குமாம். தாய் தகப்பன் ரெண்டுக்கும் மடிஞ்ச காதான்னு கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டுக்கும்தான்" என்றாள் சுமலதா. "ஆனா இது வியாதின்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

அது முழு உண்மையில்லை. போன வருஷம் அந்த ஜோடியைக் காட்டி அவள் போட்ட வீடியோவுக்குக் கீழே, இந்த ரெண்டையும் சேர்க்காதீங்க, பாவம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் என்று அதை அழித்துவிட்டாள்.

"நான் சண்டைக்கு வரலக்கா" என்றாள் ஷாஜாதி. "வேற குட்டியும் வேணாம். எம்பொண்ணு அரீபா இத மடியில வெச்சிக்கிட்டுத்தான் பாடமே படிக்கிறா. தெனம் வலி மருந்து குடுக்கணும். எல்லாத்தையும் துப்பிடுது. எப்படிக் குடுக்கிறதுன்னு காட்டுங்க, போதும்."

சுமலதா குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் இருத்தினாள். ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கம் நுழைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குட்டி விழுங்கிவிட்டு அவள் கட்டைவிரலை நக்கிக்கொடுத்தது.

"சரியாயிடுமாக்கா?"

"வலி கொஞ்சம் கொறையும்."

ஷாஜாதி கூடையை எடுத்தபோது உள்ளறையிலிருந்து கீச்சுக் குரல்கள் கேட்டன. அவள் நின்றாள்.

"குட்டி போட்டிருக்கா?"

"நாலு."

"அதே ஜோடியா?"

சுமலதா ஆமென்று தலையை அசைத்தாள். ஷாஜாதி படியிறங்கிப் போனாள்.

ஃபோல்டுக் குட்டிகள் பிறக்கும்போது எல்லாக் குட்டிகளையும் போலத்தான் இருக்கும். மூன்று வாரம் ஆகும்போதுதான் காது மடியும். அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். முன்பெல்லாம் இந்த நாட்களில் அவளுக்கு இருப்பே கொள்ளாது. காலையில் எழுந்ததும் கேமராவோடு போய் உட்கார்ந்துவிடுவாள். இப்போது ஃபோனில், மடிஞ்சிடுச்சா மேடம் என்று குட்டி கேட்டிருந்த ஒருவரின் செய்தி வந்து கிடந்தது. அதைத் திறக்காமல் உள்ளறையில் குட்டிகள் கிடந்த அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாய்ப்பூனை பெட்டியின் விளிம்பில் முன்கால்களை வைத்து, தயங்கி, இறக்கிக்கொண்டது. அது ஒரு நாளும் ஜன்னலுக்குத் தாவியதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சாந்தம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்!

பழுப்புக் குட்டி ஒன்று தள்ளாடிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. அதன் இடது காதின் நுனி லேசாக முன்னால் சாய்ந்திருந்தது. சுமலதா சுட்டுவிரலால் அதை நிமிர்த்திப் பிடித்தாள். விளையாட்டு என்று நினைத்துக் குட்டி அவள் மணிக்கட்டைப் பிஞ்சு நகங்களால் பற்றிக்கொண்டது. அவள் விரலை எடுக்கவில்லை.