பொறுப்புக்கு வந்த டி ஃப்ளாட்

1958 மே மாதம், கொடைக்கானல் ஏரிக்கரை கிளப்புக்கு ஒரு புகார் வந்தது. ஜலீல் ஒரே பாட்டை அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை நடனத்துக்கும் இரண்டு விதமாக வாசித்துவிட்டாராம்.

ஜலீலுக்குக் கடைவீதியில் கம்பளிக் கடை. ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரை ஒருவர் கொடுத்த சாக்ஸபோனும் பீபாப் ஜாஸ் இசைத்தட்டுகளும்தான் அவருக்கு வாத்தியார். பாட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அதன் கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு, தோன்றியபடி புதிதாக வாசித்துப் போவதில் அவருக்கு உயிர். பியானோவில் துணைக்கு மிஷன் பள்ளி டீச்சர் லீலா.

கிளப் செயலாளர் சுவாமிநாதன் ஓய்வுபெற்ற தாசில்தார். இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன தோணப்போகுதுன்னு மூணு நாள் முந்தியே எழுதிக் கொடுங்க. பார்த்துக் கையெழுத்துப் போடுறேன்."

"அது அந்த நேரத்துல வர்றதுங்க," என்றார் ஜலீல்.

"வரட்டும். எழுதிட்டு வரட்டும்."

ஜலீல் வாசிக்க வாசிக்க லீலா எழுதினாள். சுவாமிநாதன் பாட்டின் அச்சுத்தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஓரிடத்தில் பென்சில் நின்றது.

"இங்க ஜி செவன்த் கார்டுதானே இருக்கணும்? டி ஃப்ளாட் செவன்த் எப்படி வந்துச்சு?"

"ஜிக்குப் பதிலா அது வரலாம் சார். பி, எஃப் ரெண்டு சுரமும் ரெண்டுக்கும் பொது. எது வந்தாலும் அடுத்தாப்ல சி கார்டுலதான் போய்ச் சேரும்," என்றாள் லீலா.

"ஓ, ஜி லீவு! டி ஃப்ளாட் பொறுப்பு அதிகாரி." கையெழுத்து விழுந்தது.

சனிக்கிழமை, தன் கற்பனையையே தாளைப் பார்த்து வாசித்தார் ஜலீல். யாருடைய மனுவையோ படித்துக் காட்டுவதுபோல் கூச்சமாக இருந்தது. ஆடியவர்களின் கால்கள் தளர்ந்தன. யாரோ டீ கேட்டார்கள். லீலாவுக்குப் பொறுக்கவில்லை. தாளில் இல்லாத ஒரு கார்டை அழுத்தினாள். ஜலீலின் காது விழித்துக்கொண்டது. கண்ணை மூடினார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தாளில் இல்லாதது. கூடம் கைதட்டியது.

சுவாமிநாதன் பிரதியோடு ஓடிவந்தார். "எந்தப் பக்கத்துல இருக்கீங்க?"

"இன்னைக்கு எல்லாருமே லீவு சார்," என்றாள் லீலா, கையை நிறுத்தாமல். "எல்லா இடத்துலயும் பொறுப்பு அதிகாரிதான்."

அவர் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் உத்தரவு பிறந்தது. "இதுதான் ஒழுங்கு. அடுத்த வாரமும் ஒரு சுரம் மாறாம இதையே வாசிக்கணும். திங்கக்கிழமை எழுதிக் கொடுத்துடுங்க."

ஞாயிறு முழுக்கக் கடையைச் சாத்திவிட்டு ஜலீல் முட்டிமோதினார். "ஒண்ணுகூட நெனப்புல இல்ல டீச்சர்."

"எனக்கும்தான் பாய்."

இருவரும் சேர்ந்து வேறொன்றை எழுதிக் கொண்டுபோனார்கள். சுவாமிநாதன் கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

"இதேதான். இன்னும் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு."