ஐந்தாமவள்

என் தங்கையின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த வாக்கியத்தை எழுதியவன் நான். நல்ல வாக்கியம். அதுதான் சிக்கல்.

"இத்தொகுப்பில் கவிஞர் காதலிப்பது ஒருத்தியை அல்ல, குறைந்தது ஐந்து பேரை."

'நீ பூத்த நெடுஞ்சாலை' என்ற காதல் கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதியது. ஆசிரியர் பெயர் பனித்துளியான். அந்தப் பெயரைப் பற்றி மட்டுமே ஒரு பத்தி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் சிக்கனமானவன்.

என் இணையப் பக்கத்தின் பெயரும் 'சிக்கனம்'தான். அதில் என் பெயர் இருக்காது. புதிதாக எழுத வருபவர்களின் காதல் நாவல்களையும் கவிதைகளையும் மதிப்பிடுகிறேன். காதலில் எனக்குத் தனி ஈடுபாடு கிடையாது. வேறு யாரும் எனக்குப் புத்தகம் அனுப்புவதில்லை. சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மதிப்புரை வெளியிடுவேன். அன்றுதான் மனம் கொஞ்சம் இளகியிருக்கும். இளகிய நிலையிலும் இதுவரை எந்தப் புத்தகத்தையும் நல்ல புத்தகம் என்று சொன்னதில்லை.

படித்தது தமிழ் முதுகலை. வேலை ஓசூரில், மூக்கண்டப்பள்ளி அருகே ஒரு தொழிற்சாலையில். இயந்திரங்களுக்குச் செயல்முறைக் குறிப்பு எழுதுகிறேன். 'மூடியைத் திறக்கவும். எண்ணெய் அளவைப் பார்க்கவும். மூடவும்.' காதல் கவிதையும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. வயது முப்பத்தாறு. மணமாகவில்லை. கொள்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

பனித்துளியானின் ஐந்து பெண்களை என் மதிப்புரையில் வரிசைப்படுத்தியிருந்தேன். ஒருத்திக்கு இடுப்பு வரை கூந்தல். அடுத்தவளுக்குத் தலையில் முடியே இல்லை. மூன்றாமவள் மஞ்சள் கைக்காரி. நான்காமவள் வெள்ளை உடையில் முகத்தை மூடிக்கொண்டு நடமாடுகிறாள். கன்னியாஸ்திரியாகவோ ஆவியாகவோ இருக்கலாம். ஐந்தாமவள் சிரிப்பதில்லை, கையில் கத்தரிக்கோல். "இவளை ஒருவன் ஏன் காதலிக்க வேண்டும் என்பதற்கு நூலில் காரணம் இல்லை. தொகுப்பிலேயே மோசமான கவிதை இது" என்று முடித்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மா தொலைபேசியில் அழைத்தாள்.

"என்னடா எழுதி வெச்சிருக்க? உங்கப்பா நேத்துலருந்து சோறு தின்னல. நிச்சயத்த நிறுத்துன்றாரு."

தங்கை சுசித்ராவுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சிவராஜுக்கு ஜூஜுவாடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. சுசித்ரா கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருக்கிறாள். கூழ் ஏற்ற வந்த லாரிகளுக்கு நடுவில் பழக்கம். சிவராஜை நான் ஒரே முறை பார்த்திருக்கிறேன். 'வாங்க', 'உக்காருங்க', 'சரிங்க' என்று மூன்று சொற்கள் பேசினார். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"சிவராஜுக்கும் நான் எழுதுனதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அந்தப் பனித்துளி அவன்தான்டா."

புத்தகத்தின் பின்னட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் லாரி மேல் சாய்ந்து நின்றது நினைவுக்கு வந்தது. நான் புகைப்படங்களை மதிப்பிடுவதில்லை. ஆனால் மதிப்புரையோடு நான் போட்டிருந்த அந்தப் பின்னட்டைப் படத்தைக் கிருஷ்ணப்பன் மாமா பார்த்திருக்கிறார். அம்மாவின் தம்பி. என் பக்கத்தைப் படிக்கச் சொல்லி உறவினர் எல்லோரிடமும் நான் கெஞ்சியபோது இணங்கியவர் அவர் ஒருவர்தான். மாமாவுக்குக் கவிதை தெரியாது. லாரி தெரியும்; அதை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.

அப்பா நாராயணப்பன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாம்பழப் பருவம். கூழ்த் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய அன்றைய மாம்பழ லோடை அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்து ஊரில் அவருடைய அண்ணன் இறந்த அன்றுகூட லோடு போனது. அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் தெரிந்தது.

"வா மாப்ள," என்றார் கிருஷ்ணப்பன் மாமா. "அஞ்சு பேர்னு அடையாளத்தோட புடிச்சிருக்க. போலீஸ்காரனே இப்படிப் புடிக்க மாட்டான்."

"மாமா, அது கிண்டல்."

"எங்க சிரிக்கணும்னு போட்டிருக்கலாம் இல்ல?"

"கிண்டலோ என்னமோ," என்றார் அப்பா. "படிச்சவன் நீ. அஞ்சுன்னு எழுதுனா அஞ்சுதான?"

நான் பொறுமையாக விளக்கினேன். "கவிதைல வர்றவங்க நெஜ ஆளுங்க இல்லப்பா. கவிஞன் வேற, கவிதையில பேசுறவன் வேற."

"அப்ப நம்ம சுசித்ராவும் அதுல இல்லியா?" என்றாள் அம்மா.

"இருக்கலாம்மா."

"இவ இருந்தா நெஜம், மத்தவ இருந்தா கற்பனையா? என்னா படிப்புடா அது?"

தமிழ் முதுகலை என்று சொல்லப் போனேன்.

சுசித்ரா உள்ளே இருந்து வந்தாள். அழுத முகம். புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"நீதான எண்ணுன? நீயே குறைச்சுக் குடு."

"எனக்குத் தெரியாது சுசி, அவர்தான்னு."

"எனக்குத் தெரியும். நீ எழுதுனத படிச்சுட்டு அவரு ரெண்டு நாளு என்கிட்டயே பேசல. எழுதுன புண்ணியவான் எங்கண்ணன்னு நான் சொல்லல. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

"நேர்மையாத்தான் எழுதுனேன்."

"நல்லவேள. பொய்யா எழுதியிருந்தா பத்து பேர் ஆயிருக்கும்."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "படி. ஒவ்வொண்ணா படி."

என் வாழ்க்கையில் என்னிடம் ஒரு காதல் கவிதையை வாசிக்கச் சொன்ன முதல் மனிதர் என் அப்பா. வாசித்தேன்.

"'உன் கூந்தல் காட்டில் இரவெல்லாம் வழி தவறினேன்.'"

"இரவெல்லாமா?" என்றார் மாமா.

"படிமம், மாமா."

"என்ன மமோ. ராத்திரில இவனுக்கு அங்க என்னா வேல?"

"அது நம்ம பொண்ணுதான்," என்று அம்மா குறுக்கிட்டாள். "இடுப்பு வரைக்கும் இருந்துச்சு இல்ல? அடுத்தத படி."

"'அறுத்த வயலில் முதல் பயிராய் உன் தலை.'"

"இதான் அந்த மொட்டக்காரி," என்றார் மாமா.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏண்டா, எனக்கு ஆபரேசன் ஆனதுக்கு வேண்டிக்கிட்டு இவ திருப்பதியில மொட்ட போட்டாளே. நீதானடா கூட போன. வெயில்னு தொப்பி வாங்கிக் குடுத்த."

வாங்கிக் கொடுத்தேன். நீலத் தொப்பி. அந்தத் தலையை மலையிலிருந்து ஊர் வரை பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வந்தேன். கவிதையில் வந்தபோது யாரோ ஒருத்தி என்று எண்ணிக்கையில் சேர்த்துவிட்டேன்.

"அடுத்து?" என்றார் அப்பா.

"மஞ்சள் கை."

"நீ என்னா எழுதியிருந்த?" என்று சுசித்ரா கேட்டாள். "சொல்லு."

"தேய்ந்த படிமம்னு."

அவள் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நகக்கண்களிலும் விரல் இடுக்குகளிலும் மாங்கூழ் மஞ்சள். பருவம் முடியும் வரை போகாது. "எவ்ளோ தேச்சாலும் தேய மாட்டேங்குதுணா, உன் படிமம்."

நான்காவது கவிதையை வாசிக்கும் முன்பே அவள் எழுந்து போய் ஆய்வகத்தில் போடும் வெள்ளை மேலங்கியையும் தலையுறையையும் முகமூடியையும் கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள். பேசவில்லை. அவளிடமும் சிக்கனம் இருந்தது. என்னை விடத் திறமையாகப் பயன்படுத்தினாள்.

"அந்தக் கம்பெனிக்குள்ள போனா எல்லாரும் இதான் போடணும்," என்றார் அப்பா. "நானே போட்டிருக்கேன்."

"அப்ப நாலாவது ஆளு நீங்களா மாமா?" என்றார் கிருஷ்ணப்பன் மாமா. அப்பா திரும்பிப் பார்த்ததும் அவர் கூரையைப் பார்த்தார்.

நால்வர் ஒருத்தி ஆனார்கள். எனக்குத் தெம்பு வந்தது. பக்கத்தைப் புரட்டி அதே வேகத்தில் ஐந்தாவதை வாசித்தேன்.

"'முதல் ஞாயிறு.
உன் வாசலில் நிற்கிறேன்.
நீ சிரிப்பதில்லை.
நான் கொண்டுவந்த மாலையைக் கத்தரிக்கிறாய்.
நார் மிஞ்சுகிறது.
நார் போதும் என்கிறாய்.
மறுபடி பூப்பறிக்கப் போகிறேன்.'"

நான் சுசித்ராவைப் பார்த்தேன். அவள் கைகளை மடித்து வைத்துக்கொண்டாள்.

"அது நான் இல்ல," என்றாள்.

"நல்லா யோசிச்சு..."

"இல்லணா. நான் கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்னாரு."

"மாசா மாசம் மொத ஞாயித்துக்கெழம போயிருக்கான்," என்றார் மாமா. கிண்டல் குரல் போயிருந்தது. "மாலையோட போயிருக்கான்."

"மத்த நாலு கெடக்கட்டும்," என்றார் அப்பா. "இந்த ஒண்ணு போதும். கிருஷ்ணப்பா, அவங்க வீட்டுக்குப் போன் போடு. நிச்சயம் வேணாம்னு சொல்லிரலாம்."

அந்தக் கவிதைக்கு ஏதாவது விளக்கம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவள் மரணம் என்று சொல்லலாம். தமிழ்த்தாய் என்றும் சொல்லலாம். தமிழ்த்தாய் கையில் கத்தரிக்கோல் எதற்கு என்று அப்பா கேட்பார். விட்டுவிட்டேன்.

"அவங்க வீட்டுக்கு வேணாம்," என்றாள் சுசித்ரா. "அவர்கிட்டயே நான் கேக்கறேன்." தன் போனை எடுத்து எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி நாற்காலியில் வைத்தாள். லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவில் சிவராஜின் குரல் வந்தது.

"சொல்லு சுசி."

"முதல் ஞாயிறு, கத்தரிக்கோல். அது யாரு?"

"அதுவா? அதான் அப்புறம் சொல்றேன்னேன் இல்ல?"

"இப்ப சொல்லுங்க. இங்க எல்லாரும் இருக்காங்க."

"எல்லாருமா?" ஹாரன் அடங்கும் வரை காத்திருந்தார். "சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற நெலமையில யாரும் இல்ல."

"அது பொண்ணே இல்ல சுசி. ஒரு ஆளு."

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா "பெருமாளே" என்றாள்.

"ஆளுன்னா, பாத்ததுகூட இல்லீங்க," என்றார் சிவராஜ் அவசரமாக. "நெட்ல 'சிக்கனம்'னு ஒரு பக்கம். மாசம் பொறந்தா மொத ஞாயிறு வரும். யாரு எழுதுனாலும் வெட்டி வெட்டிப் போடுவாரு. நாலு வருசமா விடாம படிக்கிறேன். அவரு வாயால ஒரு தடவ நல்லாருக்குன்னு வாங்கிரணும். அதுக்குத்தான் புஸ்தகமே போட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"வாங்குனீங்களா?" என்றாள் சுசித்ரா, என் மீதிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க? அந்தக் கவிதையத்தான் ரொம்ப மோசம்னாரு. அவரப் பத்தி எழுதுனதுன்னு அவருக்கே தெரியல. பரவால்ல. பாவம், அவருக்கு வீட்ல என்னா கஷ்டமோ."

"இருக்குதுப்பா," என்றார் அப்பா போனைப் பார்த்து. "இப்ப இருக்குது."

"யாருங்க பேசறது?"

"நான் நாராயணப்பன். மாப்ள, அந்த ஆளு எழுதறது நல்லாருக்குமா?"

அவரை அப்பா மாப்பிள்ளை என்று அழைத்தது அதுதான் முதல் முறை. சுசித்ரா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்கும்ங்க மாமா. என்ன, கொஞ்சம் காஞ்சு போயிருக்கும்."

"அப்படித்தான் இருக்குது," என்றார் அப்பா, என்னை மேலும் கீழும் பார்த்து. "சரி, நிச்சயத்துக்கு வேண்டியதப் பாருங்க." போனை எப்படி அணைப்பது என்று தெரியாமல் சுசித்ராவிடம் நீட்டினார். பிறகு வெளியே போய் லோடு ஏற்றச் சொன்னார்.

"அஞ்சு பேர்ல நாலு இவ, ஒண்ணு நீ," என்றார் மாமா. "மாப்ள, உனக்கும் ஒருத்தன் மாலையோட வாசல்ல நின்னிருக்கான். நீதான் கத்தரிச்சுட்ட."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் மதிப்புரையை மாமா ஏற்கெனவே உறவினர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். மாமாவின் தயவில் என் பக்கத்துக்கு வாசகர்கள் பெருகியிருந்தார்கள். எழுதினவனே மாற்ற வேண்டும் என்று தீர்ப்பானது.

புத்தகத்தை எடுத்து அந்த ஏழு வரிகளை மறுபடி படித்தேன். கூந்தல் காட்டில் வழி தவறிய அதே ஆள் எழுதியது. ஒரு சொல்கூட அதிகம் இல்லை. எங்காவது வெட்டலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த போடுணா," என்றாள் சுசித்ரா பின்னால் நின்று.

போட நினைத்தேன். ஆனால் கவிதை என்னைப் பற்றியது. என்னைப் பற்றிய கவிதையை நானே பாராட்டுவது முறையல்ல. உள்ளதைச் சரியாகச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி எப்போதும் தெரிவதில்லை. இப்படி வெளியிட்டேன்:

"திருத்தம்: 'நீ பூத்த நெடுஞ்சாலை'யில் கவிஞர் காதலிப்பது ஐவரை அல்ல, இருவரை. அவர்களில் ஒருவர் ஆண். மற்றக் கருத்துகளில் மாற்றமில்லை."

அன்று மாலை ஓசூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது மாமா அழைத்தார்.

"மாப்ள, ஊர்ல எல்லாரும் போன் பண்றாங்க. இதுக்கு அந்த அஞ்சு பொண்ணே தேவல."

"சரியாத்தான எழுதியிருக்கேன் மாமா?"

"சரியா எழுதாத. புரியற மாதிரி எழுது."

பஸ்ஸிலேயே இன்னொரு திருத்தம் எழுதினேன். நாலு வருடமாக மறைத்து வைத்திருந்த என் பெயரையும் அடியில் போட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அது யாரென்று தெரியாது.

"அது நான். விஜயகுமார், சுசித்ராவின் அண்ணன்."

என் பக்கத்தில் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். பெரும்பாலும் அத்தைகள்.

ஓசூருக்கு முன்னால் நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது சிவராஜிடமிருந்து செய்தி வந்தது. திறக்கத் தயங்கினேன். நாலு வருடம் மற்றவர்கள் என் பக்கத்தை எப்படித் திறந்திருப்பார்கள் என்று அப்போது தெரிந்தது. திறந்தேன்.

"இப்பதான் பாத்தேன் மச்சான். நல்லாருக்கு. சுசித்ராவின் அண்ணன்கிறத மட்டும் வெட்டிருக்கலாம்."

வெட்டவில்லை.