அண்ணனுக்கு வலி, தம்பிக்குக் கால்

பீரோக்காரரின் வலது முழங்காலில் ஆறு வருடமாக இருந்த வலி அவருடையது அல்ல என்று கண்டுபிடிக்க, இயன்முறை மருத்துவர் அம்மாளுக்கு மூன்று வாரம் பிடித்தது. வீடு மாறுகிறவர்களின் பீரோ, கட்டில்களைத் தூக்கி ஏற்றுவது பீரோக்காரரின் தொழில். முதல் நாள் அம்மாள் அவரை நடக்கவிட்டார், குந்தவைத்தார், காலை மடக்கி நீட்டினார். வீக்கமில்லை, இறுக்கமில்லை, எக்ஸ்ரேயிலும் குறையில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் பத்தேகாலுக்கு முகம் வெளுத்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து அறை எலும்பு மருத்துவர், "நடிக்கிறார், அனுப்பிடுங்க" என்றார். நடிப்புக்கு இப்படி வியர்க்காது என்று பட்டதால் அம்மாள் அனுப்பவில்லை. வலி வரும் நேரங்களைக் குறித்துவரச் சொன்னார்.

அவர் குறித்துவந்த தாளின்படி, காலை பத்திலிருந்து ஒன்றுவரை, விட்டுவிட்டு வலித்திருந்தது. ஞாயிறும் அரசு விடுமுறையும் வலிக்கு ஓய்வு. அவர் அதிகம் பீரோ தூக்குவதோ அந்த நாள்களில்தான்.

"யாரோ மாடி ஏறி இறங்குற மாதிரி இருக்கே. உங்க வீட்ல யாருக்காவது அரசாங்க வேலையா?" என்றார் அம்மாள்.

அவர் தரையைப் பார்த்தார். "தம்பி தபால்காரன். பேச்சுவார்த்தை இல்ல."

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, ஒத்தாசைக்கு வந்த தம்பி படிக்கட்டில் கால் மடங்கி, பீரோவின் தன் பக்கத்தை விட்டுவிட்டான். "நடிக்காதடா" என்றார் அண்ணன். எழுந்து போனவன்தான், திரும்பி வரவில்லை. மறுநாளிலிருந்து வலி இவருக்கு.

அம்மாள் தம்பியை வரவழைத்தார். அவன் முழங்கால் பானைபோல் வீங்கியிருந்தது. வலிக்கவே இல்லை என்பதால் அதோடேயே படியேறி, மூட்டைப் பாதி தேய்த்திருந்தான். அம்மாள் அதன் உட்புறத்தை அழுத்தினார். அடுத்த கட்டிலிலிருந்து அண்ணன், "ஸ்... அங்கதான்" என்றார். பிறகு தம்பியைப் பார்க்காமலே, "அன்னிக்கு நீ நடிக்கல" என்றார்.

"இது தெரிய ஆறு வருஷமா?" என்றான் தம்பி.

பீரோக்காரரின் மதிப்பீட்டுத் தாளில், வலியின் இடம் தம்பியின் வலது முழங்கால் என்று அம்மாள் எழுதினார். எலும்பு மருத்துவர் அதன் கீழே கையெழுத்திட்டார்.

சிகிச்சையில் வீக்கம் வடிந்தது. வலி மட்டும் இடம் மாறவில்லை. வலி தெரியாத காலை நம்பித் தம்பியைத் தனியே விட முடியாது என்று, பீரோக்காரர் தன் வேலையைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டார். பத்து மணிக்குத் தபால் பைக்குப் பின்னால் அவரும் நடக்கிறார். வலி எடுத்ததும் அவர் "போதும், உட்காரு" என்றால் தம்பி உட்காருகிறான். மூன்றாம் மாடிக்காரர்கள் வாசலில் இரண்டு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்கள்.